செரண்டிப்பிட்டி: தேடாமல் கிடைப்பதற்கு ஓர் ஆங்கிலச் சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரப் பொது ஆங்கில வகுப்பில் வாசிப்புப் பந்தி ஒன்றில் இந்தச் சொல் வந்துவிட்டால் அன்றைய பாடம் அத்தோடு திசைமாறிவிடும். பொருளைக் கேட்டு முடித்த கையோடு, “இது எங்கள் நாட்டுப் பெயராமே?” என்று யாராவது தொடங்குவார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து மாணவர்களும், அவர்களைவிட ஆர்வமாக அவர்களுடைய பெற்றோரும், வெளிநாட்டு ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்களும் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குக் கதை சொல்லாமல் தீராது.

செரண்டிப்பிட்டி என்றால் என்ன?

தேடாத ஒரு நல்ல பொருள் தற்செயலாக எதிர்ப்பட, அதன் அருமை தெரிந்து அதைக் கைக்கொள்வது. இதில் மூன்று சங்கதிகள் அடங்கியிருக்கின்றன. கிடைத்தது தேடாததாக இருக்க வேண்டும். நல்லதாக இருக்க வேண்டும். கிடைத்தவருக்கு அது இன்னதென்று தெரிய வேண்டும். கையடக்க அகராதிகள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. நான் இந்தப் பக்கத்தில் வாதாடப் போவது பெரும்பாலும் அந்த மூன்றாவதற்காகத்தான்.

முத்தையன்கட்டுப் பக்கம் காட்டுக்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் ஒருவர், இரவு திரும்பி வராத எருமையைத் தேடிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எருமையைக் காணவில்லை. ஒரு மடுவின் ஓரத்தில் தேனீக்கள் தண்ணீர் குடித்துவிட்டு ஒவ்வொன்றாக ஒரே திசையில் பறப்பதைக் காண்கிறார். அந்தத் திசையிலே போய், ஒரு பாலைமரப் பொந்தில் தேன் எடுக்கிறார். இதுதான் செரண்டிப்பிட்டி. அதே மடுவில் அதே காலையில் நான் நின்றிருந்தால், தேனீயைக் கையால் விசிறிக் கலைத்துவிட்டு வந்திருப்பேன்.

அப்படியானால் லொத்தரில் பணம் விழுவதும் செரண்டிப்பிட்டிதானே?

இல்லை. சீட்டு வாங்கியவர் பணத்தை எதிர்பார்த்துத்தான் வாங்கினார். இலக்கம் விழுந்ததில் அவருடைய கண்ணுக்கோ புத்திக்கோ வேலை எதுவும் இல்லை. அது வெறும் அதிர்ஷ்டம், ஆங்கிலத்தில் லக்.

எப்படி உச்சரிப்பது? எழுத்துக்கூட்டல் எப்படி நினைவில் வைப்பது?

செ-ரண்-டிப்-பிட்-டி. அழுத்தம் நடுவில் உள்ள ‘டிப்’ மீது விழும். நம்மவர்கள் பழக்கதோஷத்தில் முதல் எழுத்தை அழுத்திச் ‘செ’ரண்டிப்பிட்டி என்பார்கள், கேட்பவருக்கு விளங்கும், ஆனால் வாய்மொழித் தேர்வில் திருத்திக்கொள்வது நல்லது. எழுத்துக்கூட்டலுக்குச் சுலபமான வழி, செரண்டிப் என்ற இடப்பெயரை முதலில் எழுதி, அபிலிட்டி, குவாலிட்டி முதலிய சொற்களின் கடைசியில் வரும் ‘இட்டி’யை ஒட்டிவிடுவது. மொத்தம் 11 எழுத்து (serendipity). உயிரெழுத்துகளில்தான் பிழை வரும்: முதலில் இரண்டு ‘இ’, பிறகு இரண்டு ‘ஐ’, கடைசியில் ‘வை’.

இந்தச் சொல்லை யார் உண்டாக்கியது?

பெரும்பாலான சொற்களுக்குப் பிறந்த தேதி தெரியாது. இதற்குத் தெரியும்: 1754 ஜனவரி 28. ஹொரஸ் வோல்போல் என்ற ஆங்கில எழுத்தாளர், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிரித்தானியத் தூதராக இருந்த தன் நண்பர் ஹொரஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில் முதன்முறையாக இச்சொல்லைப் பயன்படுத்தினார்.

சந்தர்ப்பம் மிகச் சிறியது. பியங்கா கப்பெல்லோ என்ற வெனிஸ் நாட்டுப் பிரபுகுலப் பெண்ணின் ஓவியத்தை மான் அவருக்கு அனுப்பிவைத்திருந்தார். பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது அந்தக் குடும்பத்தின் குலச்சின்னம் பற்றிய ஒரு செய்தி வோல்போலின் கண்ணில் பட்டுவிட்டது. இப்படி அகப்படுவதைத்தான் நான் செரண்டிப்பிட்டி என்கிறேன் என்று எழுதி, சொல்லின் பிறப்பையும் விளக்கினார். ‘செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள்’ என்றொரு அற்பமான கதையைத் தான் வாசித்ததாகவும், அதில் வரும் இளவரசர்கள் போகும் வழியெல்லாம், தற்செயலாலும் மதிநுட்பத்தாலும், தாங்கள் தேடாதவற்றைக் கண்டறிந்துகொண்டே போனதாகவும் சொன்னார். தற்செயல், மதிநுட்பம் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார் என்பதைக் கவனியுங்கள். சொல்லைப் பெற்றவரே வைத்த நிபந்தனை அது.

பிறகு நெடுங்காலம் இச்சொல்லை யாரும் தொடவில்லை. மானுக்கு எழுதிய கடிதங்கள் 1833இல் அச்சேறிய பின்னர்தான் புத்தகப் பிரியர்களிடம் மெல்லப் பரவியது. இருபதாம் நூற்றாண்டில் விஞ்ஞானிகள் கையில் எடுத்த பிறகே எல்லோருக்கும் உரியதாயிற்று.

அந்த மூன்று இளவரசர் கதை என்ன?

செரண்டிப் நாட்டு அரசன் ஒருவன் தன் மூன்று மகன்களையும் நன்றாகப் படிப்பித்து, உலகம் அறிந்து வாருங்கள் என்று நாட்டைவிட்டு அனுப்புகிறான். வழியில் ஒட்டகத்தைத் தொலைத்தவன் ஒருவன் எதிர்ப்படுகிறான். ஒட்டகத்தைக் கண்ணாலும் கண்டிராத இளவரசர்கள் அடையாளங்களை அடுக்குகிறார்கள்: அதற்கு ஒரு கண் தெரியாது, ஒரு பல் இல்லை, ஒரு கால் நொண்டி, ஒரு பக்கம் வெண்ணெயும் மறுபக்கம் தேனும் சுமந்து போகிறது, அதன்மேல் ஒரு கர்ப்பிணிப் பெண் ஏறிப்போகிறாள். இவ்வளவும் தெரிந்தவர்கள் திருடாமல் இருப்பார்களா? அவர்கள் போய்ச் சேர்ந்த நாட்டு மன்னன் அவர்களைச் சிறையில் போடுகிறான். பிறகு ஒட்டகம் வேறிடத்தில் அகப்பட, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கிறான். பாதையில் புல் நன்றாக வளர்ந்த பக்கத்தை விட்டுவிட்டு, மோசமான பக்கத்திலேயே மேய்ந்திருந்தது. ஆகவே ஒற்றைக் கண். மென்று விழுந்த புல்லுருண்டைகள் ஒரு பல்லளவு இருந்தன; ஆகவே பல் இல்லை. ஒரு காலை இழுத்த தடம் கிடந்தது. ஒரு பக்கத்தில் எறும்பு மொய்த்தது, மறுபக்கத்தில் ஈ மொய்த்தது. இப்படி ஒவ்வொன்றாக விளக்குகிறார்கள்.

இந்தக் கதை வெனிஸ் நகரில் 1557இல் இத்தாலிய மொழியில் அச்சானது. அதன் வேர் பாரசீகத்தில் இருக்கிறது. அமீர் குஸ்ரோ 1302இல் பாடிய ‘எட்டுச் சொர்க்கங்கள்’ காவியத்தில் இதன் பழைய வடிவம் உண்டு.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு வேறொன்று நினைவு வந்திருக்கும். நம்முடைய நான்கு மந்திரி கதையிலும் இதே ஒட்டகம் தொலைகிறது. ஒரு கால் நொண்டி, ஒரு கண் குருடு, வால் குட்டை, வயிற்றுவலி என்று நால்வரும் ஆளுக்கொன்று சொல்லி, அரசன் முன் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறார்கள். சிறு வயதில் பாட்டி வாயால் கேட்ட கதையே ஆங்கிலத்தின் மிக நாகரிகமான சொல் ஒன்றுக்குப் பின்னால் நிற்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

தடம் பார்த்து மாட்டைக் கண்டுபிடிப்பது எங்கள் ஊரில் அன்றாடம் நடப்பது. அதற்கா இவ்வளவு பெரிய சொல்?

நல்ல கேள்வி. நெடுங்கேணியிலோ துணுக்காயிலோ பட்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கதையைக் கேட்டால் வியக்க மாட்டார்கள். மேய்ந்த புல்லைப் பார்த்து எப்போது மேய்ந்தது என்பார்கள். யானை லத்தியின் ஈரத்தைப் பார்த்து எவ்வளவு நேரத்துக்கு முன்னே போனது, இன்னும் அந்தப் பாதையால் போகலாமா என்று சொல்வார்கள்.

உண்மையில் வோல்போல் எடுத்த உதாரணம் அவருடைய சொல்லுக்கே சரியாகப் பொருந்தவில்லை. அவர் ஒட்டகத்தையும் மறந்து, வலக்கண் தெரியாத கோவேறு கழுதை என்று எழுதிவிட்டார். கதையை அரைகுறையாக நினைவு வைத்திருந்திருக்கிறார். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். இளவரசர்கள் செய்தது தடயத்திலிருந்து முடிவுக்குப் போவது. அது துப்பறிதல். அதில் மதிநுட்பம் நிறைய உண்டு. தற்செயல் அவ்வளவாக இல்லை. அவர்கள் கண்டதால் அவர்களுக்கு வந்த முதல் பலன் சிறைவாசம்! எருமை தேடிப் போய்த் தேன் எடுத்தவரின் கதையை வோல்போலுக்கு யாராவது சொல்லியிருந்தால் கடிதம் இன்னும் தெளிவாக அமைந்திருக்கும்.

செரண்டிப் என்பது இலங்கைதானா?

ஆம். அரேபியரும் பாரசீகரும் இந்தத் தீவை சரண்டீப் என்று அழைத்தார்கள். நான்காம் நூற்றாண்டின் இலத்தீன் வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ், உரோமப் பேரரசன் யூலியனிடம் தூது அனுப்பிய தொலைதூர மக்களைச் சொல்லும் இடத்தில் ‘செரண்டிவி’ என்ற பெயரையும் குறிப்பிடுகிறார். 1344இல் இங்கு வந்த இபுன் பதூதாவின் பயணக் குறிப்பிலும் சரண்டீப் வருகிறது. சிவனொளிபாத மலையை அவர் அந்தப் பெயரால் சுட்டுகிறார்.

ஆனால் கதையில் வரும் செரண்டிப்பில் இலங்கையை அடையாளம் காட்டும் எதுவும் இல்லை. ‘ஏழு கடல் தாண்டி’ என்று நாம் தொடங்குவதைப் போல, பாரசீகக் கதைசொல்லிக்குத் தூரத்து அதிசய நாடு ஒன்று தேவைப்பட்டது. இளவரசர்கள் எந்த ஆற்றைக் கடந்தார்கள், எந்தக் காட்டு வழியாகப் போனார்கள் என்று தேடுவது வீண் வேலை.

சேரன் தீவு என்பதே செரண்டிப் ஆயிற்று என்கிறார்களே?

மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். ஒலி ஒற்றுமையும் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மொழியியலாளர் பெரும்பாலும் ஏற்பது, சிங்களத்தீவு என்ற பொருளில் வழங்கிய ‘சிம்ஹலத்வீப’ என்ற வடமொழிப் பெயர் அரபு, பாரசீக நாவில் ‘ல’கரம் ‘ர’கரமாகி சரண்டீப் ஆனது என்பதையே. சேரன் தீவு என்ற கருத்துக்கு ஒலி ஒற்றுமையைத் தவிர உறுதியான சான்று காட்டப்படவில்லை. நமக்குச் சாதகமானது என்பதற்காக ஒரு சொல்லாராய்ச்சியை ஏற்றால், நமக்குப் பாதகமானதை மற்றவர் அதே முறையில் நிறுவும்போது வாய் திறக்க முடியாது. ஈழம், இலங்கை என்று சங்க இலக்கியம் வரை போகும் பெயர்கள் இருக்கும்போது, பாரசீகன் வைத்த பெயருக்கு ஏன் அடிபட வேண்டும் என்பது என் எண்ணம்.

தமிழில் இதற்கு ஒரே சொல் உண்டா?

எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒற்றைச் சொல் இல்லை. தற்செயற் கண்டுபிடிப்பு, எதிர்பாரா நற்பேறு என்று எழுதுகிறார்கள். முன்னதில் நன்மை என்ற பொருள் இல்லை. பின்னதில் கண்டறிதல் இல்லை. மொழிபெயர்ப்பில் நான் இடத்தைப் பார்த்து ‘தேடாமல் அகப்பட்டது’ என்று விரித்து எழுதிவிடுவேன்.

பழமொழிகளில் தேடினால் சுவையாக இருக்கும். ‘கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது’ என்பதைத்தான் மாணவர்கள் முதலில் சொல்வார்கள். அழகானது, ஆனால் பொருந்தாது. கும்பிடத்தான் போனோம், தெய்வம்தான் வந்தது, தேடியதே கிடைத்திருக்கிறது. ‘தேடிப்போன மூலிகை காலில் சிக்கியது’ என்பதும் அப்படியே. ‘பழம் நழுவிப் பாலில் விழுந்தது’ என்பதில் நல்லதோடு நல்லது சேர்கிறது, கண்டறிதல் இல்லை. ‘காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது’ என்பது இரண்டு நிகழ்ச்சிகள் காரணத் தொடர்பின்றி ஒன்றாக நடப்பது. அதற்கு ஆங்கிலச் சொல் கோஇன்சிடன்ஸ்; இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எந்த ஆங்கில அகராதியிலும் கண்டதில்லை. ‘குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தது போல’ என்பது குருட்டதிர்ஷ்டம். பூனைக்குத் தான் எங்கே போய்ச் சேர்ந்தது என்றே தெரியாது. ஆக, நம்மிடம் தற்செயலுக்குப் பல பழமொழிகள் உண்டு. அந்தத் தற்செயலைக் கண்டுகொண்ட ஆளைப் பாராட்டும் பழமொழி மட்டும் எனக்கு அகப்படவில்லை.

சர்ப்ரைஸ், லக், கோஇன்சிடன்ஸ், ஆக்சிடன்ட் ஆகியவற்றிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

சர்ப்ரைஸ் என்பது உணர்ச்சி. எதிர்பாராதது நடந்தபோது மனத்தில் எழும் வியப்பு. நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும். லக் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

ஆக்சிடன்ட் என்றதும் ஏ9 வீதி ஓரத்தில் வசிக்கும் நமக்கு ஒரே பொருள்தான் நினைவு வரும். ஆனால் ‘பை ஆக்சிடன்ட்’ என்ற தொடரில் விபத்து எதுவும் இல்லை. தற்செயலாக, வேண்டுமென்று செய்யாமல் என்றே பொருள். ‘அவர் கடிதத்தை விபத்தினால் கண்டெடுத்தார்’ என்ற மொழிபெயர்ப்பு விடைத்தாள்களில் இப்போதும் வருகிறது.

கோஇன்சிடன்ஸ்தான் அதிகம் குழப்புவது. ஒட்டுசுட்டானைச் சேர்ந்த இருவர் டொரன்டோவில் ஒரு பலசரக்குக் கடை வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள் என்றால் அது கோஇன்சிடன்ஸ். கதைத்துக்கொண்டு போகையில், இடப்பெயர்வில் தொலைந்துபோனதாக ஒருவர் நினைத்திருந்த காணி உறுதி மற்றவர் வீட்டு றங்குப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று தெரியவந்தால், அதுவும் ஊர்ப்பெயர், அயற்காணியின் எல்லை, கையொப்பமிட்ட நொத்தாரிசின் பெயர் என்று ஏதோ ஒரு சின்னக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு விசாரித்ததால் தெரியவந்தால், அதைச் செரண்டிப்பிட்டி என்று சொல்லலாம்.

விஞ்ஞானத்தில் இதற்கு உதாரணம் சொல்லுங்கள்.

எல்லோரும் சொல்வது பெனிசிலின். 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் விடுமுறை முடிந்து லண்டன் ஆய்வுகூடத்துக்குத் திரும்பியபோது, பக்டீரியா வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதைச் சுற்றி பக்டீரியா அழிந்திருந்தது. பூஞ்சணம் பிடித்த தட்டைக் கழுவி வைப்பதுதான் வழக்கம். பிளெமிங் ஏன் நின்று பார்த்தார்? சில ஆண்டுகளுக்கு முன்பே, மூக்குச் சளியில் உள்ள ஒரு பொருள் சிலவகைப் பக்டீரியாவைக் கரைப்பதை அவர் கண்டு ஆராய்ந்திருந்தார். ‘தானாகவே பக்டீரியா அழிகிறது’ என்ற காட்சிக்கு அவருடைய கண் ஏற்கெனவே பழகியிருந்தது. அதை மருந்தாக்கியது பின்னர் ஒக்ஸ்போர்ட்டில் புளோரி, செயின் முதலானோரின் கடும் உழைப்பு. மூவருக்குமாக 1945இல் நோபல் பரிசு வந்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. வன்னியில் பழைய தலைமுறைக்குக் காய்ச்சல் என்றால் மலேரியாதான். அதற்கு மருந்து கொயினா. 1856இல் வில்லியம் ஹென்றி பேர்கின் என்ற 18 வயது மாணவன் லண்டனில் தன் வீட்டு ஆய்வுகூடத்தில், அந்தக் கொயினாவை நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பொருள்களைக் கொண்டு செயற்கையாகச் செய்ய முயன்றான். கிடைத்தது கறுப்பு மண்டி. கழுவுவதற்கு மதுசாரம் ஊற்றினான். ஊதா நிறம் இறங்கியது. மருந்து வரவில்லையே என்று கொட்டாமல், துணியில் தோய்த்துப் பார்த்தான். சாயம் நின்றது. செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்துதான் எழுந்தது. காய்ச்சல் மருந்தைத் தேடியவனுக்குச் சேலைச் சாயம் கிடைத்தது! மலேரியாவை நாம் வென்றதில் அவனுக்குப் பங்கில்லை. உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக 2016இல் அறிவித்ததற்குப் பின்னால் இருப்பது, வீடு வீடாக மருந்தடித்தவர்களும் இரத்தம் எடுத்துச் சோதித்தவர்களும் செய்த திட்டமிட்ட வேலை. அதில் தற்செயல் எதுவும் இல்லை.

நியூட்டனின் அப்பிள்?

இல்லை. அவர் எதைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தாரோ அதற்கே அது தூண்டுதலாயிற்று.

எங்கள் மண்ணில் எதிர்பாராமல் கிடைப்பதெல்லாம் நல்லதாக இல்லையே. அதற்கு என்ன சொல்?

இந்தக் கேள்வியை வேறு ஊர் மாணவர்கள் கேட்பதில்லை. முகமாலையிலும் முல்லைத்தீவிலும் தோட்டம் கொத்தும்போது மண்வெட்டியில் எது தட்டுப்படும் என்ற பயத்தோடு வாழ்ந்தவர்கள் கேட்பார்கள். போர் 2009இல் முடிந்தது. அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். பழைய இரும்பு விற்று நாலு காசு பார்க்கலாம் என்று பொறுக்கப் போய்க் கையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். செரண்டிப்பிட்டி பற்றி எழுதும் வெளிநாட்டுப் புத்தகங்கள் ‘ஆவலோடு இருங்கள், அகப்படுவதை எடுத்துப் பாருங்கள்’ என்று உபதேசிக்கும். இங்கே அப்படி வேண்டாம். இன்னதென்று தெரியாத இரும்பைத் தொடாதீர்கள். வந்த அடியிலேயே திரும்பிப் போய், பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள்.

சொல்லைக் கேட்டீர்கள். ஆங்கிலத்தில் ஒன்று உண்டு: ஸெம்பிளானிட்டி. வில்லியம் பொய்ட் என்ற நாவலாசிரியர் 1998இல் ஒரு நாவலில் உண்டாக்கியது. செரண்டிப் வெப்பமான தென்தீவு என்பதால், அதற்கு எதிராக வடதுருவப் பக்கத்துப் பனித்தீவான நோவயா ஸெம்லியாவின் பெயரை எடுத்தார். எதிர்பாராத தீமைதான் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. நாமே வலியச் செய்து வரவழைக்கும், நடந்தே தீரும் துரதிர்ஷ்டம் என்ற சாயலோடு அவர் பயன்படுத்தினார். நமக்கு அது தேவையே இல்லை. ‘கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது’ என்று எப்போதோ சொல்லிவைத்துவிட்டார்கள். தேர்வில் ஸெம்பிளானிட்டியை எழுத வேண்டாம். திருத்துபவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ரொபேர்ட் நொக்ஸ் கதை செரண்டிப்பிட்டியா?

வரலாறு படிக்கும் மாணவர்களின் கேள்வி. ஆங்கில மாலுமி நொக்ஸ் வந்த கப்பலின் பாய்மரம் புயலில் சேதமடைய, செப்பனிடக் கொட்டியார் குடாவுக்கு வந்தார்கள். 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். 1679இல் நொக்ஸும் ஒரு தோழரும் அநுராதபுரம் வழியாக, அருவி ஆற்றின் ஓரமாக வன்னிக் காட்டுக்குள்ளால் நடந்து, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார்கள். 1681இல் அவருடைய இலங்கை பற்றிய நூல் வெளியானது.

பாய்மரம் முறிந்ததால் நமக்கு ஒரு அரிய நூல் கிடைத்தது. ஆனால் யாருக்குக் கிடைத்த நன்மை அது? வாசிக்கும் நமக்கு. அவருக்குக் கிடைத்தது 19 ஆண்டுச் சிறைப்பட்ட வாழ்வு. ஒருவர் பட்ட துன்பத்துக்கு இந்தச் சொல்லைச் சூட்டக் கூடாது. பொருத்தமான ஆளைத் தேடினால், குளங்களைப் பார்க்க வந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கரைச் சொல்லலாம். அணைக்கட்டு வேலையோடு பழைய செங்கல்லையும் கல்வெட்டையும் குடியானவர் கதைகளையும் கவனித்துவந்து, 1909இல் பண்டைய இலங்கை பற்றிய நூலையும், 1910 முதல் 1914 வரை கிராமியக் கதைகளின் மூன்று தொகுதிகளையும் வெளியிட்டார்.

வற்றாப்பளை அம்மன் கதை?

நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்கள் முன் அம்மன் மூதாட்டியாக வந்ததும், எண்ணெய் இல்லாதபோது கடல்நீரில் விளக்கெரிந்ததும் அனைவருக்கும் தெரிந்த வரலாறு. வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் உப்புநீரில்தான் விளக்கு. சிறுவர்கள் தேடாமல் கிடைத்த பேறுதானே என்று கேட்கிறார்கள். பக்தர்களின் கண்ணில் அங்கே தற்செயலே இல்லை. அம்மன் வேண்டுமென்றே வந்தாள். அருள் என்ற சொல் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஆங்கிலச் சொல்லை வைக்காதீர்கள்.

வாக்கியத்தில் எப்படி அமைப்பது?

பெயர்ச்சொல்லாக வரும்போது பெரும்பாலும் எண்ணிக்கை இல்லாத பெயராகவே வரும்: ‘இட் வாஸ் பியூர் செரண்டிப்பிட்டி’, ‘வீ ஃபவுண்ட் இட் பை செரண்டிப்பிட்டி’. முன்னால் ‘எ’ போட்டு எழுதும் பழக்கத்தை விடுங்கள். ‘எ மொமென்ட் ஒஃப் செரண்டிப்பிட்டி’ என்றால் பிழையில்லை. பெயரடை செரண்டிப்பிட்டஸ். இது சந்திப்பு, கண்டுபிடிப்பு, நிகழ்ச்சி முதலியவற்றுக்கு அடையாக வரும்: ‘எ செரண்டிப்பிட்டஸ் டிஸ்கவரி’. ஆளுக்கு அடையாக வராது. ‘ஐ ஆம் செரண்டிப்பிட்டஸ்’ என்று ஒரு மாணவி தன்னறிமுகத்தில் எழுதியிருந்தாள். தான் அதிர்ஷ்டசாலி என்று சொல்ல நினைத்தாள் பாவம். அதற்கு லக்கி போதும்.

இன்னொன்று: இது கொஞ்சம் படாடோபமான சொல். ஒரு கட்டுரையில் ஒருமுறை வந்தால் மெருகு. மூன்றுமுறை வந்தால், அகராதியைப் புரட்டி எழுதியது தெரிந்துவிடும்.

காதல் கதைகளில் எல்லாம் இந்தச் சொல் வருகிறதே?

‘விதி சேர்த்துவைத்தது’ என்ற பொருளில் இன்று தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். வாழ்த்து அட்டைகளும் விடுதிப் பெயர்ப்பலகைகளும் அப்படித்தான். வழக்கு மாறுவதை என்னால் தடுக்க முடியாது. தேர்வுத் தாளில் மட்டும் மூலப்பொருளோடு நில்லுங்கள்.

செரண்டிப்பிட்டியைத் திட்டமிட்டு வரவழைக்க முடியுமா?

வரவழைத்தால் அது அதுவாக இருக்காது. ஆனால் வரும்போது கண்டுகொள்ளும் தகுதியை வளர்க்கலாம். அவதானிப்புத் துறைகளில் ஆயத்தமான மனத்துக்கே தற்செயல் துணை செய்கிறது என்று லூயி பாஸ்டர் 1854இல் ஓர் உரையில் சொன்னதன் கருத்து இதுதான். மாணவர்களுக்கு நான் சொல்வது சின்ன விடயம்: நூலகத்துக்குப் போனால் தேடிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடி வராதீர்கள், அதன் இடமும் வலமும் உள்ள புத்தகங்களையும் ஒருமுறை புரட்டுங்கள். கைபேசித் தேடல் கேட்டதைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. கேட்கத் தெரியாததை அலுமாரித் தட்டுதான் கொடுக்கும். வோல்போலும் பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டுதான் இருந்தார்.

இதற்கு வினைச்சொல் உண்டா?

வழக்கில் இல்லை. ‘செரண்டிப்’ என்றே வினையாகச் சிலர் விளையாட்டாக எழுதுவதுண்டு, பின்பற்ற வேண்டாம். வினை வேண்டுமானால் ‘ஸ்டம்பிள் அப்பொன்’ என்ற தொடர் இருக்கிறது. வினையுரிச்சொல் செரண்டிப்பிட்டஸ்லி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் எருமை அடுத்த குளத்துக்குப் போய்விடும்; ‘பை சான்ஸ்’ என்று எழுதுங்கள்.